பலகையில் தொங்கிய கத்தரி

மாவு டப்பாவையும் அவள் விட்டுவைக்கவில்லை. செய்தித்தாளை விரித்து, அதன்மேல் கவிழ்த்து, கையை விட்டுத் துழாவினாள். கத்தரிக்கோல் மாவுக்குள் எப்படிப் போகும் என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. கட்டிலுக்கு அடியில், துணி மூட்டையில், மழைக்கோட்டுப் பையில் என்று எல்லா இடமும் மூன்று முறை பார்த்தாகிவிட்டது. அம்மா விட்டுப்போன கத்தரி, பிடியில் நீலத் துணி சுற்றியது. அது இந்த வீட்டுக்குள் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் அது இருக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான்.

விமானப் பயிற்சிக் கழகத்தில் அவள் தையல்காரி. அங்கே இருந்த பழைய மஞ்சள் விமானத்துக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நாலு இறக்கை. மரச்சட்டத்தின்மேல் துணியை இழுத்துப் போர்த்தித் தைத்தவை. எல்லாரும் தும்பி என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டாளத்துப் பையன்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுக்க வந்து, பதினேழு வருஷம் அவர்களிடம் உதைபட்டு, பிறகு சீந்துவாரில்லாமல் கொட்டகையில் கிடந்து, கழகத்துக்கு வந்து இன்னொரு நாற்பத்தைந்து வருஷம் உழைத்தது. நாலு முறை மூக்கு உடைந்திருக்கிறது. ஏறிய ஒருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை. அக்காவின் கணவர் பத்தொன்பது வயதில் அதில்தான் பழகினார், அதிலேயே வாத்தியாருமானார். தும்பிதான் தன் மூத்த சம்சாரம் என்று அக்கா எதிரிலேயே சொல்வார். அப்படியானால் சோறும் அவளே ஆக்கிப் போடட்டும் என்பாள் அக்கா.

அந்தத் தும்பி போன வாரம் ஏரியில் விழுந்தது. அத்தான் தனியாகத்தான் போயிருந்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள், விமானத்தைத் திருப்பும் கைப்பிடி இறுகிவிட்டது, ஒரே பக்கமாகச் சாய்ந்தது என்று அதையே சொல்லிக்கொண்டிருந்துவிட்டுக் கண்ணை மூடினார். தும்பி விழுந்ததற்கு முந்தின நாள்தான், அந்தக் கைப்பிடிக்குப் போகும் கம்பிவடம் ஓடுகிற இடது கீழ் இறக்கையில், ஒரு சாண் துணியைப் பிரித்து மறுபடி தைத்திருந்தாள் இவள்.

தையலறையில் ஒவ்வொரு கருவிக்கும் சுவர்ப்பலகையில் இடம் உண்டு. கருவியின் உருவத்தை வெள்ளைச் சாயத்தில் வரைந்து, அதன்மேலேயே மாட்டுவார்கள். வெள்ளை தெரிந்தால் ஏதோ குறைகிறது, விமானத்தை வெளியே விடக் கூடாது. அன்று சாயங்காலம் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் அவள் பலகையைப் பார்க்கவில்லை. தும்பி விழுந்த மறுநாள் பார்த்தபோது வெள்ளைக் கத்தரி மட்டும் பல்லை இளித்துக்கொண்டிருந்தது. கடைக்கு ஓடிப் புதுக் கத்தரி ஒன்றை வாங்கி வந்து மாட்டினாள். கால் போனது, கை வாங்கியது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

விசாரணைக்கு வந்த அதிகாரி பலகையில் இருந்த கருவிகளை எண்ணினார், எல்லாம் இருந்தது. டார்ச் அடித்து இறக்கையின் சின்ன ஓட்டை வழியாகப் பார்த்தார், கம்பிவடம் அறுந்திருக்கவில்லை. ஓட்டியவருக்கு வயது அறுபத்து நாலு, கை தளர்ந்துவிட்டது என்று எழுதிவிட்டுப் போனார். நாளைக் காலை உடைசலை அள்ள லாரி வருகிறது.

மாவுக் கையோடு நின்றவளை அக்கா வந்து கழகத்துக்கு இழுத்துப் போனாள். இடது இறக்கை மட்டும் முழுசாக, சேறு காய்ந்து தரையில் கிடந்தது.

"தூங்கி விழுந்துட்டாருன்னு பேசறாங்கடி. கைப்பிடி இறுகிருச்சுன்னு அவர் பொய்யா சொல்வாரு? நீதானே தைச்சே, நீயே பிரி."

அவள் தையலறைக்குப் போய்ப் புதுக் கத்தரியை எடுத்தாள். அது சின்னது, அதைச் சுற்றி வெள்ளை விளிம்பு எப்போதும் தெரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, அதிகாரிதான் கவனிக்கவில்லை. திரும்பி வந்து குந்தினாள். கத்தரி இறுக்கமாக இருந்தது, கட்டை விரல் அதற்குப் பழகவில்லை.

அக்கா அதையே பார்த்தாள். "இது அம்மாவோட கத்தரி இல்லையே."

"இல்லக்கா."

இறக்கையின்மேல் குனிந்தாள். தான் போட்ட தையலை ஒவ்வொன்றாக வெட்டினாள். கையை முழங்கைவரை உள்ளே விட்டாள். சட்டம் தட்டுப்பட்டது, ஈரம் தட்டுப்பட்டது. கம்பிவடம் தட்டுப்பட்டதும் அதைப் பிடித்துக்கொண்டே போனாள். ஏதாவது சிக்கினால் அது ஓடுகிற உருளையில்தான் சிக்கும்; உருளை இன்னும் தள்ளி இருந்தது, கை எட்டவில்லை. கன்னம் மஞ்சள் துணியில் அழுந்தியது.

அக்கா திறந்திருந்த கதவு வழியாகத் தையலறைப் பலகையைப் பார்த்தாள். அங்கே அம்மாவின் கத்தரி அளவுக்கு வெள்ளை உருவம் வெறுமையாகத் தெரிந்தது. பிறகு பக்கத்தில் வந்து மண்டியிட்டு, பிரிந்த துணியை இரண்டு கையாலும் பிடித்து, தங்கையின் கை இன்னும் உள்ளே போகும்படி அகலமாக விரித்துக் கொடுத்தாள்.