பிழை இல்லாத பாட்டு

பாட்டில் பிழையே இல்லை என்று புகார் கொடுத்த ஆள், உலகத்திலேயே நம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவராகத்தான் இருப்பார்.

"பாட்டு நல்லா கேக்குதுல்ல சார்?" என்றாள் போனில் அந்தப் பெண். இணையத்தில் பாட்டு விற்கும் கம்பெனியில் குறை கேட்பது அவள் வேலை.

"ரொம்ப நல்லா கேக்குதும்மா. அதான் பிரச்சினை."

விஷயம் இதுதான். அவர் மனைவி ஒரு காலத்தில் கோரஸ் பாடியவள். ஒரு பாட்டில், மற்ற பெண்கள் எடுப்பதற்கு ஒரு கணம் முன்பே, அவசரக்குடுக்கையாகத் தனியே "ஆ" என்று ஆரம்பித்துவிட்டாள். திரும்பப் பதிவு செய்ய நேரமில்லாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். அன்று வாங்கிக் கட்டிக்கொண்டதோடு சரி, அந்தப் பாட்டைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. பிறகு, மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, தொண்டையில் ஆபரேஷன். குரல் போய்விட்டது. இன்று வளர்ந்து நிற்கிற மகளுக்கு அம்மாவின் பேச்சு என்றால் கையசைவும் உதட்டசைவும்தான். வீட்டிலிருந்த கேசட்டும் பூஞ்சை பிடித்துப் பாழாயிற்று. அவள் குரல் தனியாகக் கேட்கிற ஒரே இடம் அந்த "ஆ".

அதை மகளுக்குக் கேட்கவைக்கத்தான் காசு கட்டி வாங்கினார். 'மாற்றம் எதுவும் செய்யாத பழைய ஒலிப்பதிவு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். போட்டுக் கேட்டால், எல்லாப் பெண்களும் ஒன்றாக, அழகாக எடுக்கிறார்கள். எவனோ ஒரு புண்ணியவான் பிழையைத் திருத்தித் தொலைத்திருந்தான்.

"காசைத் திருப்பிக் கொடுத்துடறோம் சார்."

"காசு வேணாம்மா. என் கடையில சொன்ன பவர் இல்லாத கண்ணாடியைக் கொடுத்துட்டு, இதுவும் நல்ல கண்ணாடிதான்னு நான் சொல்ல முடியுமா? மாத்திக் கொடுத்தாகணும். சட்டமும் அதைத்தான் சொல்லுது. எதைச் சொல்லி வித்தீங்களோ, அதைக் கொடுங்க. முடியலைன்னா அப்புறம் காசைப் பத்திப் பேசலாம்."

"அந்தப் பிழையில அப்படி என்ன சார் இருக்கு?"

"என் வீட்டுக்காரி குரல் இருக்கும்மா. என் பொண்ணு அதைக் கேட்டதே இல்லை."

"பழைய பதிவைத் தேடி அனுப்பறேன் சார்."

இழுத்தடிப்பார்கள் என்றுதான் நினைத்தார். சும்மா சொல்லக் கூடாது, அடுத்த வாரமே வந்துவிட்டது. கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடி, இருவரையும் உட்காரவைத்துப் பாட்டைப் போட்டார். எந்தப் பாட்டு என்று தெரிந்ததும் மனைவி அதை நிறுத்தப் பாய்ந்தாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

வந்தது. "ஆ." மெல்லிய, அவசரமான, இளம் குரல். அதற்குப் பின்னால் மற்றவர்கள்.

மகள் திரும்ப அந்த இடத்தையே வைத்துக் கேட்டாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு, 'தப்பு' என்று உதட்டை அசைத்தாள்.

"தப்பு இல்லம்மா" என்றாள் மகள். "நீ ஆரம்பிச்சே. அப்புறம்தான் அவங்க எல்லாரும் வந்தாங்க."

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தானே கையை நீட்டி, பாட்டை முதலிலிருந்து வைத்தாள்.