சோலார் விளக்கு பன்னிரண்டு

காலை நாலரை மணிக்கு மேற்குக் காலனிப் பெண்கள் ஒன்பது பேர் சோளக்காட்டு வழியே நடந்துகொண்டிருந்தார்கள். முன்னால் போன அன்னக்கொடி சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டிக்கொண்டே போனாள். கடைசியில் வந்தவள் செல்போன் வெளிச்சத்தைத் தரையில் பிடித்திருந்தாள். மக்காச்சோளம் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. உள்ளே ஏதாவது முறிகிற சத்தம் கேட்டால் எல்லோரும் நின்றுவிடுவார்கள். சத்தம் அடங்கியதும் மறுபடி தட்டு.

ஒரு மைல் நடந்தால் தேவாரம் ரோடு. அங்கேதான் ஜீப் வரும். போகிற வழியில் இன்னும் சிலரை ஏற்றி அடைத்துக்கொண்டு, போடிமெட்டு மலை ஏறி, அந்தப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டத்தில் இறக்கிவிடும். சாயங்காலம் வரை செடித் தூருக்குக் கீழே குத்தவைத்துக் காய் எடுக்க வேண்டும். ஜீப் ஊராட்சித் தலைவியின் வீட்டுக்காரர் லிங்கேஸ்வரனுடையது. ஓட்டுவதும், யாரை ஏற்றுவது என்று முடிவுசெய்வதும் தங்கபாண்டி.

மூன்று வாரத்துக்கு முன்பு வரை பத்துப் பேராக நடந்தார்கள். அன்றைக்கு ராமுத்தாய் கொஞ்சம் வெரசாகக் கிளம்பித் தனியே முன்னால் போய்விட்டாள். சோளத்துக்குள் நின்ற யானையை அவள் பார்க்கவில்லை. அது தூக்கி வீசியதில் இடுப்பெலும்பு ஒடிந்தது. இப்போது வீட்டில் நைலான் கட்டிலில் கிடக்கிறாள். புரண்டு படுக்கவும் ஒரு ஆள் வேண்டும்.

ஜீப்பில் ஏறும்போது அன்னக்கொடி சொன்னாள்: “தம்பி, நாளைக்கு நான் வரல. கிராம சபைக் கூட்டத்துக்குப் போறேன்.”

தங்கபாண்டி திரும்பிப் பார்த்தான். “காய் எடுப்பு மும்முரமா இருக்குற நேரத்துல ஒனக்கு அங்க என்னத்தே சோலி?”

“எங்க காலனி ரோட்டுக்கு லைட்டு கேக்கணும்.”

அவன் வண்டியை எடுத்தான்.

மறுநாள் அக்டோபர் இரண்டு. ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் பந்தல் போட்டு நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள். வேலைக்குப் போகிற யாரும் வரவில்லை. வந்தவர்களுக்கு டீயும் வடையும் கொடுத்தார்கள். தலைவி கற்பகம் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். லிங்கேஸ்வரன் பக்கத்தில் நின்றார். கிளார்க் வரவு செலவை மூச்சு விடாமல் வாசித்துக்கொண்டு போனார். நுழைவு வளைவுக்குப் பெயின்ட் அடித்தது, கழிவுநீர்க் கால்வாய் தூர் வாரியது, பிளீச்சிங் பவுடர்.

“மேற்குக் காலனி சாலை, சோலார் விளக்கு பன்னிரண்டு, நாலு லட்சத்து எண்பதாயிரம்.”

அன்னக்கொடி எழுந்தாள். “அத இன்னொருக்கா படிங்க.”

கிளார்க் லிங்கேஸ்வரனைப் பார்த்தார். பிறகு வாசித்தார்.

“எங்க ரோட்டுலயா? அங்க ஒரு கம்பம்கூட இல்லீங்களே.”

“ஏத்தா, பேசுறதுக்கு முன்னாடி இங்க வா,” என்றார் லிங்கேஸ்வரன். தீர்மானப் புத்தகத்தைப் புரட்டி மேசைமேல் வைத்தார். “ஆகஸ்ட் பதினஞ்சு கூட்டம். விளக்குப் போட்டதைப் பொதுமக்கள் பாத்து திருப்தின்னு எழுதி, கையெழுத்துப் போட்டிருக்கு. ஏழாவது யாரு?”

அவளுடைய கையெழுத்துத்தான். ‘க்’ கொஞ்சம் கீழே இறங்கி நின்றது. எட்டாவது ராமுத்தாய். ஆகஸ்டில் ஒரு காலையில், நூறு நாள் வேலை அட்டை புதுப்பிக்க வேண்டும் என்று தங்கபாண்டி ஜீப் பானெட்டில் வைத்து வரிசையாகக் கையெழுத்து வாங்கினான். தாளில் மேலே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அந்தத் தாள்தான் இப்போது புத்தகத்தில் ஒட்டியிருந்தது.

“அன்னைக்கு நான் மலையில காய் எடுத்துக்கிட்டு இருந்தேன்ணே.”

“அப்ப இந்தக் கையெழுத்து பேயா வந்து போட்டுச்சு?”

சிலர் சிரித்தார்கள். கற்பகம் கையிலிருந்த தாளின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

“எம் மதினி இடுப்பொடிஞ்சு கெடக்கா. பன்னெண்டு வெளக்கு எரிஞ்ச ரோட்டுலயா அவளுக்கு யானை கண்ணுக்குத் தெரியாமப் போச்சு?”

சிரிப்பு நின்றது. லிங்கேஸ்வரன் புத்தகத்தை மூடினார். “யானையப் பத்தி ஃபாரஸ்ட்டுக்காரன்கிட்ட கேளு. அடுத்து வாசிப்பா.”

மறுநாள் காலை ஜீப் வந்து நின்றதும் தங்கபாண்டி இறங்கிவந்து கதவை மறித்துக்கொண்டான்.

“எடம் இல்லத்தே.”

“ராமுத்தாய் எடமே காலியாத்தான கெடக்கு?”

“எடம் இல்லன்னா இல்ல. மத்தவங்க ஏறுங்க, நேரமாச்சு.”

எட்டுப் பெண்களும் அவள் முகத்தைப் பார்க்காமல் ஏறினார்கள். ஜீப் போன பிறகு திரும்பி நடக்கப் பயமாக இருந்தது. நன்றாக விடியும்வரை ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். அந்த வாரம் போடிக்குப் போய் வேறு ஜீப்காரர்களிடம் கேட்டாள். ஒருவன் மட்டும் நேராகச் சொன்னான்: “அவங்களப் பகைச்சிக்கிட்டு நான் இந்த லைன்ல வண்டி ஓட்ட முடியாதும்மா.”

திங்கட்கிழமை தேனிக்குப் பஸ் ஏறினாள். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வரிசையில் மூன்று மணி நேரம் நின்று கொடுத்து, ஒப்புகைச் சீட்டை மடித்து வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் ராமுத்தாய்க்கு முதுகு துடைத்துவிடும்போது அவள் கேட்டாள்: “எனக்காகவா மதினி இம்புட்டு அலையுற? இருந்த சோலியும் போச்சே.”

“ஒனக்காக மட்டும்னு யாரு சொன்னா? எனக்கும்தான் அந்த வழியில ஈரக்கொலை நடுங்குது.”

தீபாவளி கழிந்து இரண்டாவது வாரம் நூறு நாள் வேலைக்குக் கூப்பிட்டார்கள். மம்பட்டியும் கடப்பாரையும் கொண்டுவரச் சொன்னாள், வேலையை மேற்பார்வை பார்க்கிற அமுதவள்ளி. சோளக்காட்டு ரோட்டோரம் சுண்ணாம்பால் பன்னிரண்டு இடத்தில் வட்டம் போட்டிருந்தது.

“எதுக்குடி குழி?”

“லைட்டுக் கம்பத்துக்குத்தே. ஓம் மனுதான் வேலை செஞ்சிருக்கு போல.”

அன்னக்கொடி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் குழியில் இறங்கினாள். அன்றைக்கு அவள்தான் வேகமாகத் தோண்டினாள். சுக்கான்கல்லில் கடப்பாரை பட்டுத் தெறித்தபோதும் நிறுத்தவில்லை. மதியத்துக்குள் பன்னிரண்டும் முடிந்தன. சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய் ராமுத்தாயிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

மூன்று மணிக்கு டிராக்டர் வந்தது. அதில் ஒரே ஒரு கம்பம் கிடந்தது. கிளார்க் பைக்கில் பின்னால் வந்தார்.

“மத்ததெல்லாம் எப்ப சார் வரும்?” என்று அன்னக்கொடி கேட்டாள்.

கிளார்க் காதில் வாங்காதவர்போல் செல்போனைத் துடைத்தார். ஆட்கள் கம்பத்தை முதல் குழியில் நிறுத்தினார்கள். சிமென்ட் இல்லாததால் அது சாய்ந்தது. உச்சியில் கயிறு கட்டி, பின்னாலிருந்து பெண்களை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். இரண்டு படம் எடுத்தார். கம்பத்தைப் பிடுங்கி டிராக்டரில் போட்டு அடுத்த குழிக்குக் கொண்டுபோனார்கள். முதல் குழியை மூடச் சொன்னார்.

மூன்றாவது குழியில் அன்னக்கொடிக்குப் புரிந்தது. மம்பட்டியைக் கீழே போட்டாள்.

“என்ன சார் நடக்குது இங்க?”

“கலெக்டர் ஆபீஸ்ல மனுவுக்குப் பதில் கேட்டிருக்காங்க. ஒவ்வொரு விளக்குக்கும் எடம் தெரியுற மாதிரி போட்டோ அனுப்பணும். நீ போட்ட மனுதான?”

அவள் வீட்டைப் பார்த்து நடந்தாள். அமுதவள்ளி ஓடிவந்து கையைப் பிடித்தாள். “அத்தே, பாதியில போனா இன்னைக்கு வருகை விழாது. அட்டையிலயே பேரை அடிச்சிருவாங்க. மலைச் சோலியும் இல்ல. அப்புறம் என்னத்தப் பொங்குவ?”

அன்னக்கொடி அப்படியே நின்றாள். மற்றப் பெண்கள் கயிற்றைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்பம் ஒருபக்கமாகச் சாய ஆரம்பித்தது. அவள் திரும்பிவந்து கயிற்று நுனியைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

பன்னிரண்டாவது குழிக்கு வரும்போது வெயில் இறங்கியிருந்தது. கயிறு அறுத்து உள்ளங்கை எரிந்தது.

“படத்துல ஆள் விழக் கூடாது. எல்லாரும் சோளத்துக்குள்ள போய்க் குனிங்க,” என்றார் கிளார்க்.

போய்க் குனிந்தார்கள். கம்பம் நேராக நின்றது.

“கடைசியில இருக்குற ஆளு, இன்னும் தாழ்வா. தலை தெரியுது.”

அன்னக்கொடி கயிற்றை விடாமல் முழங்காலை மடக்கினாள். முகத்தை மண்ணில் வைத்தாள்.