ஜவ்லான் கடித்த ரொட்டி

வாசலில் தொல்கினின் குரல் கேட்டதும் மஹ்கம் அவசரமாக நாற்காலியில் ஏறி, ஆணியில் மாட்டியிருந்த ரொட்டியைக் கழற்றினான். காய்ந்து ஓடாகியிருந்தது. ஓரத்தில் ஒரு கடி. வடக்கே வேற்று நாட்டுக்குக் கட்டட வேலைக்குப் புறப்பட்ட காலையில் மகன் ஜவ்லான் கடித்தது. வீட்டைவிட்டுத் தூரம் போகிறவன் ஒரு வாய் கடித்து வைப்பான். திரும்பி வந்து மிச்சத்தை அவனேதான் தின்ன வேண்டும். அதுவரை அது சுவரில் இருக்கும். இருக்கிறது என்றால் ஆள் இன்னும் வரவில்லை என்று கோகந்த் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ஆனால் ஜவ்லான் வந்துவிட்டான் என்றல்லவா மஹ்கம் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். போன மாதம் ஒடில் வீட்டு விருந்தில், அந்த நாட்டுப் பாஸ்போர்ட் வாங்கிச் சண்டைக்குப் போன எவனோ ஒரு பையனைப் புலாவோடு சேர்த்து மென்று துப்பினார்கள். "உம்பய எப்படிடா?" என்று பேச்சு தன் பக்கம் திரும்பியதும், "வந்துட்டான்ப்பா, தாஷ்கண்ட்ல வேலை" என்று பொய் தானாக வாயில் வந்துவிட்டது. இந்த மாதம் விருந்து இவன் முறை. கைக்கு அகப்பட்ட சாப்பாட்டு விரிப்புத்துணியில் ரொட்டியைச் சுருட்டிச் சுவர் மாடத்தில் திணித்தான். மனைவி ஹஃபீஸா அடுப்படியில் இருந்தாள். ரொட்டியைக் கழற்றியது அவளுக்குத் தெரிந்தால் கொன்றுபோடுவாள்.

தொல்கின் வெங்காயத் தரகன். உள்ளே வந்ததும் தொப்பியைக் கழற்றி அந்த வெற்று ஆணியிலேயே மாட்டினான். பின்னாலேயே ஒடிலும் இன்னும் இருவரும் வந்து உட்கார்ந்தார்கள். டிவியில் அவர்கள் நாட்டு அணியின் பந்தாட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

"ரூபிள் திரும்ப விழுந்துருச்சு பாத்தீங்களா? நான் அன்னைக்கே சொன்னேன், டாலர வாங்கிப் போடுங்கடான்னு. எவன் கேட்டான்?" என்றான் தொல்கின்.

"நீ சொன்னதக் கேட்டு வெங்காயத்த வாங்கி அழுக வச்சவன் நான்" என்றான் ஒடில். எல்லோரும் சிரித்தார்கள்.

"சண்ட பனிக்கு முன்னாடி முடிஞ்சுரும், எழுதி வச்சுக்கோ. ஆளு தீந்துபோச்சு அவனுங்ககிட்ட. அதான் நம்ம பயலுவளப் பிடிச்சு முன்னாடி நிறுத்துறானுங்க. பாஸ்போர்ட்டுக்கு ஆசப்பட்டுப் போனானுங்கல்ல, படட்டும்! நாம ஏன்டா அழணும்?" என்று தொல்கின் விடவில்லை.

ஒரு வருடம் முன்பு மஹ்கமும் இப்படித்தான் பேசினான். எண்ணெய் விலை, எல்லை, எந்த ஊர் எவன் கையில் விழுந்தது எல்லாம் இவனுக்கும் அத்துப்படி. பந்தாட்டம் மாதிரிதான் இருந்தது அதுவும். எவன் முன்னேறினான், எவன் பின்வாங்கினான். இப்போது செய்தியில் ஒரு காட்டைக் காட்டினால் மரத்துக்கு மரம் பையனைத் தேடுகிறான். மாதுளை பறிக்கும்போது வந்த அழைப்புதான் கடைசி. "நாளைக்கு எங்கள சண்டைல முன்னாடி கொண்டு போறாங்கப்பா. அம்மாட்ட ரொட்டியப் பத்திரமா வச்சிருக்கச் சொல்லு" என்றான் ஜவ்லான், சிரிக்கிற மாதிரி. இப்போது மாதுளை இலையெல்லாம் கொட்டிவிட்டது. பாவி, நானும் ஆளுக்கு முன்னால் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே என்று நினைத்துக்கொண்டான்.

"என்னடா பேயறைஞ்ச மாதிரி இருக்க? பையன் தாஷ்கண்ட்லருந்து காசு அனுப்பலையா?" என்றான் தொல்கின்.

"ஆட்டத்தப் பாரு. பெனால்டி" என்றான் மஹ்கம்.

தொல்கினுக்குச் சும்மா உட்கார வராது. யார் வீடானாலும் தன் வீடுதான். "சோறு வரட்டும், நான் விரிக்கிறேன்" என்று, கண் டிவியிலேயே இருக்க, மாடத்தில் கைவிட்டுத் துணியை உருவினான். மஹ்கம் எழுவதற்குள் மடிப்புக்குள்ளிருந்த ரொட்டி அவன் கைக்கு வந்துவிட்டது. ரொட்டி கைக்கு வந்தால் விருந்தில் மூத்தவன் பிய்த்துப் போட வேண்டும்; அங்கே மூத்தவன் தொல்கின்தான். கை அதன் பாட்டுக்கு அதைச் செய்தது.

"மாவு வெல ஏறுனதுக்காக இப்படியாடா? போன வருசத்து ரொட்டியப் போடுற..."

சட்டென்று ஒடிந்தது. சில்லுகள் கம்பளமெங்கும் தெறித்தன. அப்போதுதான் தொல்கின் குனிந்து பார்த்தான். இடது கையிலிருந்த பாதியில் பல் பதிந்திருந்தது.

தொல்கின் ஆணியைப் பார்த்தான், தன் தொப்பியைப் பார்த்தான், பிறகு மஹ்கமைப் பார்த்தான்.

"டேய்... தாஷ்கண்ட்ல இருக்கான்னியே."

"அங்கதான்டா இருக்கான்" என்றான் மஹ்கம். "நீ பேசுனியே, அந்தச் சண்டைல."

புலாவ் தட்டோடு ஹஃபீஸா வாசலில் நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. தட்டைக் கீழே வைத்தாள். கூச்சல் போடுவாள் என்று மஹ்கம் கண்ணை மூடிக்கொண்டான்.

"பொறுக்குங்க" என்றாள். "ஒரு தூள் விடக்கூடாது. எம்புள்ள வந்து திங்கணும்."

ஐந்து ஆண்களும் மண்டியிட்டார்கள். சில்லுகளை ஒவ்வொன்றாய் எடுத்து, முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றி, அவள் விரித்துப் பிடித்த தலைத்துணியில் போட்டார்கள். டிவியில் அரங்கமே எழுந்து கத்தியது. கோல் யார் போட்டதென்று ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தொல்கின் கன்னம் கம்பளத்தில் பட, கைப்பேசி வெளிச்சத்தை டிவி மேசைக்கு அடியில் அடித்துத் தேடிக்கொண்டிருந்தான்.

"இன்னொன்னு இருக்கு தங்கச்சி," என்றான், கையை உள்ளே நீட்டியபடி. "எட்ட மாட்டேங்குது. இரு, எடுத்துர்றேன்."