கதைக்காத வெள்ளிக்கிழமை

என் கணவர் கனகசபைக்கு வெள்ளிக்கிழமைகளில் மௌன விரதம். லண்டனில் இருக்கும் மகள் பிரியவதனிக்குக் குறையில்லாமல் பிள்ளை பிறக்க வேண்டுமென்று நயினாதீவு அம்மனுக்கு வைத்த நேர்த்தி. மற்ற நாட்களில் வாய் ஓயாத மனுசன் என்பதால் எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

அன்று காலை தேநீர்க் கோப்பையை அவர் கைநழுவ விட்டபோது வாய்க்கு வந்தபடி ஏசினேன். பதில் இல்லை. விரதம்தானே என்று சமைக்கக் குசினிக்குள் போய்விட்டேன். பக்கத்து வீட்டு ரஜீபன் வந்துதான், "மாமி, மாமாவின்ரை வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கு, வலது கையும் தூக்கேலாமல் கிடக்கு!" என்று கத்தினான்.

பிறகு தீவிலிருந்து படகு, அம்புலன்ஸ், யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி. தலையை ஸ்கான் பண்ணினார்கள். மூளைக்குப் போகும் நாளத்தை ரத்தக் கட்டி அடைத்திருந்தது.

"கடைசியா எப்ப ஒழுங்காக் கதைச்சவர்?" என்று கேட்டார் டொக்டர், இளம் பெண்.

"நேற்றுப் பொழுதுபடேக்கை."

டொக்டரின் முகம் மாறியது. "அவ்வளவு நேரமெண்டால் கட்டி கரைக்கிற மருந்து ஏத்த ஏலாது அம்மா. தலைக்குள்ளை ரத்தம் கசிஞ்சிடும்."

"ஐயோ, வெள்ளியிலை அவர் கதைக்க மாட்டார் டொக்டர். விரதம்!"

அவருக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளக்கத் தெரியவில்லை. அழுதழுது சொன்னேன். காலையில் செம்பருத்திக் கொப்பை வலது கையால் வளைத்துத்தான் பூப் பிடுங்கினார். தேத்தண்ணி தரச்சொல்லிச் சைகை காட்டினார். அப்போது வாய் நேராக இருந்தது.

"அது காணும், இன்னும் நேரமிருக்கு," என்றார் டொக்டர். மருந்து ஏறத் தொடங்கியது.

அடுத்த குழப்பம் ஒரு தொப்பி. அதிலிருந்து காதுக்குக் கேளாத ஒலி போய், கட்டியை மருந்து கரைக்க உதவுமோ என்று சோதிக்கிறார்களாம். சிலருக்கு ஒலி வருமாம், சிலருக்கு வெறும் தொப்பியாம்.

"இவருக்கு எது?"

"எனக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. அதுதான் ஆராய்ச்சி. விருப்பமில்லாட்டி விடலாம், மருந்து எப்பிடியும் குடுப்பம்."

இதுவும் விரதம் இருக்கிற தொப்பியோ என்று நினைத்தபடி சம்மதித்தேன்.

தொப்பியைக் கழற்றியபோது வலது கை அசைந்தது. "ஐயா, உங்கடை பேர் என்ன?" என்று டொக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். இவர் முழித்துக்கொண்டு கிடந்தார்.

"பேச்சு இன்னும் வரேல்லைப் போல," என்றார் டொக்டர்.

வரவில்லையா, இவர் வரவிடவில்லையா? பேசச் சொன்னால் மகளுக்காக வைத்த நேர்த்தியை நானே முறித்தவளாவேன். சொல்லாவிட்டால் இந்த மனுசனிடம் பேச்சு மிச்சமிருக்கிறதா என்று தெரியாமல் செத்துவிடுவேன். அம்மன் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

"இஞ்சாருங்கோ, அம்மாளாச்சி கோவிக்க மாட்டா. ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"பேரையெண்டாலும் சொல்லுங்கோவன்!" தோளைப் பிடித்து உலுக்கினேன்.

அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கோணிய வாயால், நாக்குத் தடக்கத் தடக்க, "வி... விசர் மனிசி! நான் வி... விரதமெல்லோ!" என்றார்.

மருந்தா, தொப்பியா, என் உலுக்கலா, யாருக்குத் தெரியும்? சிரிப்பதா, நேர்த்தி முறிந்ததற்குப் பயப்படுவதா என்றும் தெரியாமல் நான் வாய்விட்டு அழுதேன். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வலது கையால் அவசரமாகத் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.