மாடர்ன் போர்டுக்கு முறை

பூதலூரில் எங்கள் முதலாளி துரைராசுவின் அரிசி ஆலைக்கு அவருடைய அப்பா காலத்திலிருந்தே 'மாடர்ன் ரைஸ் மில்' என்று பெயர். எதிர்ச்சாரியில் ஐயாவு புது ஆலை கட்டி, அதே பெயரை எழுதி மாட்டிவிட்டார். ஐயாவு முன்பு முதலாளியின் குத்தகைதாரர். கழக ஆட்சியில் குத்தகைப் பதிவு வந்தபோது பேரைப் பதிந்து, வழக்கிலும் ஜெயித்தவர். நிலம் கைவிட்டுப் போனதை முதலாளி எப்படியோ ஜீரணித்துக்கொண்டார். பெயர் போவதைத் தாங்க முடியவில்லை.

பஞ்சாயத்து கூட்டினார். நான் தஞ்சாவூருக்குச் சாயங்கால இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறவன் என்பதால், 'மாடர்ன்' என்ற சொல் யாருக்குச் சேரும் என்று பார்த்துவரச் சொன்னார். நமக்கு இல்லையென்றால் மறுநாள் முதல் மில்லுக்கு வர வேண்டாம் என்றும் சொன்னார்.

நூலகத்தில் அகராதியைப் பார்த்தேன். சரியாகத்தான் படித்தேனா என்று சந்தேகம் வந்து இன்னொரு அகராதியையும் பார்த்தேன். அதுவும் அதையே சொன்னது.

பஞ்சாயத்தில் படித்ததைச் சொன்னேன். லத்தீனில் 'மோடோ' என்றால் 'இப்பொழுதுதான்'. அதிலிருந்து பிறந்தது மாடர்ன். முதலில் இந்தக் காலத்தது என்றும், பிறகு புதுமாதிரி என்றும் வழங்கியது.

ஐயாவு முதலாளி பக்கம் திரும்பினார். "உங்கப்பா இஞ்சினு வாங்குனது இப்பத்தானாங்க?"

கூட்டம் சிரித்தது. முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் என் வேலை போய்விட்டது தெரிந்தது.

"முந்தாநேத்து பெல்ட்டு மாத்துனேன்ல," என்றார் முதலாளி.

நாட்டாமை பஞ்சநதம் வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைத்தே பழகியவர். எந்தச் சண்டைக்கும் அவரிடம் அந்த ஒரு வைத்தியம்தான். "தண்ணிக்கு வெக்கிற மாதிரி இதுக்கும் முறை வெச்சிரலாம். போர்டு ஒண்ணுதான். யார்கிட்ட கடைசியா புதுசா ஒண்ணு வந்து சேருதோ, அவுங்க வாசல்ல நிக்கட்டும்."

எது புதுசு என்று யார் சொல்வது?

"இந்தத் தம்பியே சொல்லட்டும்," என்றார் ஐயாவு. "சோறு போடுற முதலாளிக்கே பாதகமா அர்த்தம் சொன்ன புள்ள. இவரை வேலைய விட்டு நிறுத்துனா நான் ஒத்துக்க மாட்டேன்."

அன்று முதல் போர்டு மாட்டுவண்டியில் தெருவைக் கடந்துகொண்டே இருக்கிறது. ஐயாவு சல்லடை வாங்கினார். முதலாளி தராசு வாங்கினார். நேற்று ஐயாவு விளக்குமாறு வாங்கினார். அது செல்லுமா என்று வெகுநேரம் குழம்பி, செல்லும் என்றேன்.

இன்று காலை நான் போனபோது முதலாளி இரண்டு கைகளையும் குவித்துக்கொண்டு வாசலில் நின்றார். உள்ளே ஒரு கோழிக்குஞ்சு.

"ஈரம்கூடக் காயல. தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தேன். வண்டியைப் பூட்டச் சொன்னேன்.