வைக்கோலில் தூங்கிய டயர்

1

இந்தக் கதை எனக்குக் கடலூர் போகும் சாலையோரம் கிடைத்தது. பஸ் நின்ற இடத்தில், வெடித்துக் கிழிந்த கார் டயர் ஒன்று புளியமரத்தடியில் கிடந்தது. அதன் உள்விளிம்பில் வைக்கோல் ஒட்டியிருந்தது. பக்கத்தில் காரும் இல்லை, ஆளும் இல்லை. டயருக்கும் வைக்கோலுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸில் கண்ணயர்ந்தேன். விழித்தபோது பச்சமுத்து என்ற மனிதர் மனத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்.

2

தொடக்கம் ஒன்று: 1971ஆம் ஆண்டு வைகாசி மாதம் விருத்தாசலத்தில் (வேண்டாம். தாசில்தார் அறிக்கை மாதிரி இருக்கிறது.)

தொடக்கம் இரண்டு: மரணம் என்பது (சீ!)

மூன்றாவது: பச்சமுத்து பீங்கான் ஜாடி செய்பவர். சொந்தமாகச் சூளையும் பழைய அம்பாசடரும் உண்டு. வெந்த ஜாடியை வைக்கோல் சுற்றி வைத்தால் பத்து வருஷம் கழித்துப் பிரித்தாலும் புதுசுதான். அந்த நம்பிக்கையில், சீனப் போர் முடிந்த கையோடு வாங்கிய ஸ்டெப்னி டயரையும் வைக்கோல் சுற்றி, சூளைக் கொட்டகையில் ஜாடிகளோடு அடுக்கிவிட்டார். எட்டு வருஷம் அது அந்த வெதுவெதுப்பில் தூங்கியது.

(ரப்பருக்குத் தூக்கத்திலும் வயதாகும் என்று அவருக்கு யார் சொல்வது? நான் சொல்லலாம். கதை எழுதுகிறவன் குறுக்கே பேசக் கூடாதாம்.)

3

மகள் அம்சவல்லி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே கடலூருக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். காரின் முன்சக்கரமோ நேற்றே போய்விட்டது. பச்சமுத்து வைக்கோலைப் பிரித்து ஸ்டெப்னியை மாட்டினார்.

அவர் மனைவி கமலம் குனிந்து பார்த்தாள். "என்னாங்க, பக்கமெல்லாம் முடி முடியா வெடிச்சிருக்குது?"

"அது மேல்மெருகு வெடிப்புடி. நம்ம ஜாடியில இல்லியா? அதுக்காவ ஊறுகா ஒழுவுதா? தரையில ஒரு நாளு உருண்டதில்ல, புத்தம்புதுசு." ஜாடியைச் சோதிப்பதுபோல விரல் முட்டியால் டயரைத் தட்டிக் காட்டினார். "கேளு, எப்டிக் கேக்குது!"

எனக்கு அவர்மேல் கோபம் வருகிறது. பாவமாகவும் இருக்கிறது.

(முதல் வரைவில் சாமிதுரை என்றொரு டிரைவர் இருந்தார். "இது வழியில வெடிச்சிடுங்க" என்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கதை நகரவில்லை. அவரைத் திட்டக்குடிக்கு ஒரு கல்யாணத்துக்கு அனுப்பிவிட்டேன். இப்போது தேடுகிறேன், ஆள் கிடைக்கவில்லை.)

4

பச்சமுத்துவே ஓட்டுகிறார். பின்சீட்டில் கமலத்தின் மடியில் அம்சவல்லி. வெயிலில் தார் இளகி மினுங்குகிறது. எனக்குப் பயம் வந்துவிட்டது. ரயில்வே கேட்டை மூடிவிட்டேன்.

கூட்ஸ் வண்டி மெல்லப் போகிறது. கரும்புப் பெட்டி, களிமண் பெட்டி, வெறும் பெட்டி. தீரும்போதெல்லாம் இன்னொன்றை எழுதிச் சேர்க்கிறேன். நிழலும் வெயிலும் மாறி மாறி அம்சவல்லியின் முகத்தில் ஊர்கின்றன. நின்றிருக்கும் சக்கரம் யாரையும் கொல்வதில்லை. இப்படியே இருந்துவிடலாம் போலிருக்கிறது.

"இன்னும் எவ்ளோ நேரம்ப்பா?" என்கிறாள் அவள். "முடியலப்பா."

முடிவு ஒன்று: கேட் திறக்கிறது. கார் வேகமெடுத்துப் புளியமரத்தை

முடிவு இரண்டு: கடலூர். பெண் குழந்தை. டயர் மட்டும் திரும்பி வரும்போது

இரண்டையும் எழுத எனக்குத் தைரியமில்லை. நான் பார்த்த டயர் வெடித்தபோது காருக்குள் யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

காருக்குப் பின்னால் கடலூர் பஸ் ஒன்று வந்து நின்றிருக்கிறது. முன்சீட்டு காலி. பச்சமுத்து திரும்பிப் பார்க்கவில்லை. கமலம் பார்த்துவிட்டாள். புருஷனைப் பார்க்கிறாள், முன்சக்கரத்தை நினைக்கிறாள், வாய் மட்டும் திறக்கவில்லை.

என் கையில் பெட்டிகள் தீர்ந்துவிட்டன. இது கடைசிப் பெட்டி. இது கடந்து போவதற்குள் கமலத்துக்கு ஒரு வார்த்தை கொடுங்கள்.