குழிக்கு ஒரு முழம்

1

இந்தக் கதை ஒரு கடைவாய்ப் பல்லிலிருந்து வந்தது. என்னுடைய பல். வலி தாங்காமல் ஒரு பல் மருத்துவமனைக்குப் போனேன். முன்மேசையில் இருந்த அம்மா, நான் கன்னத்திலிருந்து கையை எடுப்பதற்குள், "நீங்க சின்ன டாக்டர்கிட்ட போங்க" என்றார். வாசல் பலகையில் பெரிய டாக்டர் பெயர்தான் கொட்டை எழுத்தில் இருந்தது. அவருக்கு நேரமிருக்காது போல என்று நினைத்துக்கொண்டேன்.

பார்த்தால், பாதி திறந்த கதவுக்குப் பின்னால் அவர் சும்மாதான் இருந்தார். தரைவிரிப்பின் மேல் நின்று, பந்தே இல்லாமல், கோல்ஃப் மட்டையை வீசிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம். முன்மேசை அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். ஒருவரிடம் பொய் சொல்லிச் சொல்லிப் பழகிப்போனவர்கள் அவரையே பிரியமாகப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. அவர் டாக்டரின் மனைவி என்பது பிறகு தெரிந்தது.

நான் கண்டது அவ்வளவுதான். மீதி எல்லாம் என் கைச்சரக்கு. கோல்ஃப் எனக்குத் தெரியாது. ஆழம் தெரியாமல்தான் காலை விடுகிறேன்.

2

முதல் வரி இப்படி இருந்தது: "டாக்டர் தோற்றுக்கொண்டிருந்தார்." அடித்துவிட்டேன். என் டாக்டர் ஜெயித்துக்கொண்டிருக்கிறார், சிக்கலே அதுதான்.

இரண்டாவது: "ஐம்பத்தாறு வயதில் ஒரு மனிதன் எதிலாவது முன்னேறிக்கொண்டிருப்பது என்பது—"

வேண்டாம், கட்டுரை வாடை அடிக்கிறது. ஆனால் விஷயம் என்னவோ அதுதான். முழங்கால், கண், தலைமுடி எல்லாம் இறங்குமுகம். வெளியூரில் இருக்கும் மகள் ஃபோன் செய்வது குறைந்துவிட்டது. அவரிடம் ஏறுமுகமாக இருந்தது ஒன்றே ஒன்று, ஞாயிற்றுக்கிழமை கோல்ஃப்.

அவருடைய ஆட்டத் தர எண்* பல வருடங்களாக ஒன்பதிலேயே உறைந்து கிடந்தது. ஒன்பது என்பதே லேசுப்பட்டதல்ல. அவர் ஆடும் கிளப்பில் பாதிப் பேர் அதைக் கனவிலும் தொட்டதில்லை. ஆனால் கற்றுக்குட்டிக்குத்தான் எதைச் செய்தாலும் முன்னேற்றம். நன்றாக ஆடுகிறவருக்கு அடுத்த எண் என்பது பல்லைப் பிடுங்குகிற மாதிரி. [இந்த உவமைக்காக வெட்கப்படுகிறேன். இருந்துவிட்டுப் போகட்டும்.]

அப்பேர்ப்பட்ட எண் இந்த இரண்டு வருடத்தில் எட்டாகி, ஏழாகி, ஆறில் வந்து நின்றது. ஐந்தைத் தொட்டால் கிளப் அணியில் இடம். டாக்டர் காலையில் சவரம் செய்யும்போது பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்தார். அதை எழுதும்போது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

* ஆட்டக்காரரின் தரத்தை ஒரு எண்ணால் சொல்வார்கள். எண் குறையக் குறைய ஆள் கெட்டிக்காரர்.

3

பயிற்சியாளர் ஒருவரை வைத்துக்கொண்டார். (முதலில் இவரை ஏமாற்றுக்காரராக எழுதியிருந்தேன். பழியை ஒருவர் தலையில் கட்டிவிட்டால் எழுதுகிறவனுக்கு வேலை சுலபம். அப்படியில்லை, விஷயம் தெரிந்த, நேர்மையான மனிதர்.) டாக்டர் எதெதில் எத்தனை அடி விரயம் செய்கிறார் என்று கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"சார், குழிக்குப் பக்கத்துல நீங்க தப்பே விடறதில்ல. அதுல நேரத்தை வீணாக்காதீங்க. நீள அடியைப் பழகுங்க."

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். டாக்டர் விடிந்ததும் போய் நீள அடி பழகினார். தோள் வலித்தது, அதைப் பெருமையாக எல்லோரிடமும் சொன்னார்.

குழிக்குப் பக்கத்தில் அவர் ஏன் தப்பே விடுவதில்லை? நண்பர்களாகச் சேர்ந்து ஆடும்போது ஒரு வழக்கம் உண்டு. பந்து குழியை நெருங்கிவிட்டால், "போதும், எடுங்க" என்று சொல்லிவிடுவார்கள். அடிக்காமலே அடித்ததாகக் கணக்கு. இவ்வளவு தூரம் வந்தவர் இதையா தவறவிடப் போகிறார் என்ற மரியாதை. டாக்டரோடு ஆடுகிறவர்கள் இரண்டு பேர்: ஒரு மருந்துக்கடைக்காரர், ஒரு வக்கீல்.

முதலில் ஒரு சாண் தூரத்துக்குச் சொன்னார்கள். பிறகு ஒரு முழத்துக்கு. பிறகு டாக்டர் பந்தைக் குழிக்குள் தள்ளும் சின்ன மட்டையைக் கையில் எடுத்தாலே வக்கீல், "எடுங்க டாக்டர், எடுங்க, வெயில் ஏறுது" என்பார். டாக்டர் குனிந்து பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார். இந்த இடத்தில் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது எனக்கு. அதற்கு வழியில்லாததால் அடுத்த பகுதிக்குப் போனேன்.

4

அணிக்கு ஆள் எடுக்கும் போட்டியில் யாரும் "எடுங்க" சொல்லக் கூடாது. ஒவ்வொரு பந்தும் குழிக்குள் விழுந்தாக வேண்டும்.

முதல் குழி. நீள அடிகள் எல்லாம் பிரமாதம். பந்து ஒரு முழத்தில் வந்து நின்றது. பழக்கதோஷத்தில் எடுக்கக் குனிந்த டாக்டர், சிரித்துக்கொண்டே நிமிர்ந்து மட்டையை வைத்தார். வலது கை துள்ளியது.

நடுங்கியது என்றுதான் முதலில் எழுதினேன். அது சரியில்லை. தூக்கத்தில் கால் உதறுமே, அந்த மாதிரி, அவரைக் கேட்காமல் ஒரு துள்ளல். பந்து குழியைத் தாண்டி ஓடியது. திரும்பி அடித்தார். திரும்பவும் துள்ளியது. அடுத்த குழியில் மெதுவாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பயிற்சியாளர் சொன்னதையெல்லாம் நினைத்துக்கொண்டு— எனக்கு மனசு வரவில்லை. அன்றைக்கு எல்லோருக்கும் கீழே அவர் பெயர் இருந்தது என்பதோடு விட்டுவிடுகிறேன்.

வண்டிகள் நிற்குமிடத்தில் மருந்துக்கடைக்காரர் காத்திருந்தார்.

"எப்ப இருந்து தெரியும்?" என்றார் டாக்டர்.

"எது?"

"என் கை."

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லலாம்னுதான் இருந்தோம். அன்னைக்கு ஒரு நாள், பாக்க முடியாம, எடுங்கன்னுட்டோம். ஆட்டம் முடிஞ்சு எண்ணிப் பாத்தப்ப உங்க முகத்தைப் பாக்கணுமே! அதுக்கப்புறம் எந்த வாயால சொல்றது?"

"அப்ப எட்டு, ஏழு, ஆறு எல்லாம்..."

"நீள அடி நெஜமாவே நல்லா வந்திருக்கு டாக்டர்."

அதுவும் உண்மைதான் என்பதால் அவரால் கோபப்படக்கூட முடியவில்லை.

5

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். இந்த மனிதருக்குத் தேவைப்பட்டது. வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது, கடைசியாக ஒரு ரூட் கெனால் எப்போது செய்தோம் என்று யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை.

மனைவி பாத்திரம்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. முதல் வரைவில் அவரைக் கள்ளியாக்கினேன். இரண்டாவதில் தெய்வமாக்கினேன், அது இன்னும் மோசம். இப்போது குறுக்கே வராமல் பேச விடுகிறேன். கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருக்கிறார்.

"கஷ்டமான கேஸ் எல்லாம் யார்கிட்ட போகுது?"

"சின்ன டாக்டருக்கும் கை பழகணும்ல."

"அனுப்பறது யாரு?"

மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தார். "நான்தான்."

"ஏன்?"

"ஒரு டீச்சருக்கு ஊசி போட்டீங்களே. அன்னைக்கு நர்ஸ் வரல, நான்தான் பக்கத்துல நின்னேன். உங்க கை துள்ளி ஈறு கிழிஞ்சுபோச்சு. அவங்க அசைஞ்சுட்டாங்கன்னு நீங்க நெனச்சீங்க. அவங்களும் அப்படியே நெனச்சு உங்ககிட்ட மன்னிப்பு கேட்டாங்க."

"எங்கிட்ட சொல்லணும்னு தோணவே இல்லையா?"

"தினம் தோணும். நீங்க ஏழு வந்துடுச்சு, ஆறு வந்துடுச்சுன்னு சின்னப் புள்ள மாதிரி ஓடி வருவீங்க."

டாக்டர் உட்கார்ந்து அழுதார். இங்கே என் சாமர்த்தியம் எதுவும் வேண்டாம். சத்தம் போட்டு அழுதார். கை போனது ஒரு பக்கம். வாழ்க்கையில் கடைசியாகக் கிடைத்த அந்த இரண்டு வருடச் சந்தோஷத்தையும் யாரோ இரக்கப்பட்டுப் பிச்சையாகப் போட்டிருக்கிறார்கள்.

6

முடிவு அ: நரம்பு மருத்துவர் மாத்திரை தருகிறார், கை சரியாகிறது. எழுதினேன். கூச்சமாக இருந்தது, கிழித்துவிட்டேன்.

முடிவு ஆ: மருத்துவமனையைச் சின்ன டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டு, நீள அடி மட்டும் அடித்துக்கொண்டு நிம்மதியாக— நிம்மதியாவது! அந்த ஆளை எனக்குத் தெரியாதா?

முடிவு இ: முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, டாக்டர் கூடத்துத் தரையில் ஒரு கிண்ணத்தைச் சாய்த்து வைக்கிறார். ஒரு முழம் தள்ளிப் பந்தை வைக்கிறார்.

"நாளைக்குக் காலைல ஒருத்தர் என்னை நம்பி வாயைத் திறப்பார். நான் ஊசியைத் தொடலாமா கூடாதான்னு தெரியணும். பக்கத்துல நின்னு பாரு. உள்ளதைச் சொல்லு."

ஒரு பந்து அதைச் சொல்லிவிடாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். இருந்தாலும் மனைவி எழுந்து வந்து நிற்கிறார். அவர் வாய் திறக்கிறது. என்ன சொல்ல வருகிறார் என்று டாக்டருக்குப் புரிகிறது.

"சொல்லாத" என்கிறார்.

மட்டை பின்னால் போகிறது.

இங்கே நிறுத்திக்கொள்கிறேன். பந்து உள்ளே போனது என்று எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? எழுதினால் எனக்கும் அந்த வக்கீலுக்கும் வித்தியாசமில்லை. தவறியது என்று எழுதத் தைரியம் இல்லை. அது உள்ளே விழுந்ததாக நீங்கள் நினைத்துக்கொண்டால் உங்களைக் குறை சொல்லமாட்டேன். அவருடைய நண்பர்களும் நல்லவர்கள்தான்.